பொம்மைக்கு யார் ஊசி போடுவது? சர்க்கரை நோயுள்ள குழந்தைகளும் வார்டு விளையாட்டும்

நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார். குழந்தைகள் வார்டு போஸ்டிங்கில் அவருக்கு வந்திருப்பது 6 வயதுப் பையன். டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஊசி ட்ரேயைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். கேர் பிளானில் (நோயாளிக்கு நாம் எழுதும் பராமரிப்புத் திட்டம்) 'சிகிச்சை விளையாட்டு' என்று ஒரு வரி எழுதச் சொன்னார்கள், எழுதியாயிற்று. ஆனால் நிஜத்தில் என்ன செய்வது, நாலு பொம்மை வாங்கிக் கொடுத்தால் போதுமா, அவன் கையில் உண்மையான சிரிஞ்சைக் கொடுக்கலாமா, "இதுக்கெல்லாம் எங்கேம்மா நேரம்" என்கிற இன்-சார்ஜ் சிஸ்டருக்கு என்ன பதில் சொல்வது?

குழந்தைகள் வார்டிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: போதாது. பொம்மை கொடுப்பது நல்லதுதான், குழந்தை கொஞ்ச நேரம் வலியை மறக்கும். ஆனால் அது கவனத்தைத் திருப்புவது, அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிக்கு அர்த்தம் வேறு. குழந்தைக்கு நடப்பதையெல்லாம் அந்தக் குழந்தையே இன்னொருவருக்குச் செய்து பார்க்க இடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன செய்கிறது என்ன சொல்கிறது என்று நாம் கவனிப்பது. கவனிப்பதுதான் நம் வேலை. விளையாடுவது அவன் வேலை.

சர்க்கரை நோயில் இது ஏன் மற்ற நோய்களைவிட முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு நாளைக்கு 4 ஊசி என்றால் வருஷத்துக்கு 1,460. விரல் குத்திப் பார்ப்பதும் குறைந்தது 4 முறை, அதுவும் ஒரு 1,460. ஆகமொத்தம் வருஷத்துக்கு மூவாயிரம் குத்து, அதுவும் ஆயுசுக்கும். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு வந்த பிள்ளையிடம் "அவ்வளவுதான்டா, முடிஞ்சுது, இனிமே கிடையாது" என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம், அது உண்மையும்கூட. இந்தப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் பொய். அந்தப் பொய் சாயங்காலமே வெளுத்துவிடும், மறுநாளிலிருந்து நம் முகத்தையே பார்க்க மாட்டான்.

பயம் எங்கே ஆரம்பித்தது என்றும் பாருங்கள். நம் ஊரில் இந்தப் பிள்ளைகளில் பலபேர் வந்து சேர்வதே டிகேஏவோடுதான், அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறிப்போன ஆபத்தான நிலையில். மூச்சு வாங்கிக்கொண்டு, வாந்தியெடுத்து, உடம்பில் தண்ணீரே இல்லாமல், அரை மயக்கத்தில். ஐசியூவில் மணிக்கொரு தடவை விரலைக் குத்துகிறோம், நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் தேடுகிறோம், நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறோம். உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை, சரி. ஆனால் கண் முழித்த பிள்ளைக்கு ஞாபகம் இருப்பது அமுக்கிப் பிடித்த அந்தக் கைகள்தான். நீங்கள் சொல்லும் பையன் கட்டிலுக்கு அடியில் போவது அடம் இல்லை, அவனுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அது.

இது புதுசாக வந்த ஃபேஷனும் இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதுவரை இந்த நோய் வந்த பிள்ளை பிழைப்பதே அபூர்வம், அதனால் 'நோயோடு எப்படி வளர்வது' என்ற கேள்வியே எழவில்லை. பிழைக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. 1958-ல் புளோரன்ஸ் எரிக்சன் என்ற அமெரிக்க நர்ஸ், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 4 வயதுக் குழந்தைகளை விளையாட விட்டு, அந்த விளையாட்டின் வழியாக அவர்களுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்டறிந்து எழுதினார். பிரேசிலில் இது இன்னும் ஒரு படி மேலே. அந்த நாட்டு நர்சிங் கவுன்சில், சிகிச்சை விளையாட்டு என்பது குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியரின் வேலையில் அடக்கம் என்று 2004-ல் தீர்மானமே போட்டுவிட்டது, 2017-ல் அதைப் புதுப்பித்தும் விட்டது. உங்கள் இன்-சார்ஜ் கேட்டால் முதலில் இதைச் சொல்லுங்கள். நேரத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பாடப் புத்தகத்தில் மூன்று வகை இருக்கும். மனசில் இருப்பதைக் கொட்ட விடும் விளையாட்டு, நடக்கப்போவதைக் கற்றுத்தரும் விளையாட்டு, உடம்பின் ஒரு வேலையைப் பழக்கும் விளையாட்டு. பரீட்சைக்கு மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வார்டில் மூன்றும் ஒரே கால்மணி நேரத்துக்குள் கலந்துதான் வரும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கொட்டட்டும், அப்புறம் கற்றுக்கொடுக்கலாம். நம் ஆட்கள் எல்லோரும் தப்பு செய்யும் இடம் இதுதான். பொம்மையை எடுத்ததுமே "பாரு, இப்படித்தான் ஊசி போடணும், வலிக்கவே வலிக்காது" என்று கிளாஸ் எடுக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

ஏன் முதலில் கொட்ட விடணும் என்பதற்கு என் வார்டில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றி. 7 வயதுப் பெண். ரொம்ப சமர்த்து, ஊசிக்கு அழவே மாட்டாள், கையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். "எவ்வளவு நல்ல பிள்ளை" என்று ரவுண்ட்ஸில் எல்லோரும் மெச்சினார்கள். ஒரு மத்தியானம் துணிப் பொம்மை, ஊசியில்லாத சிரிஞ்ச், பஞ்சு, கொஞ்சம் சொப்புச் சாமான் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் எதையும் தொடவில்லை. அப்புறம் சொப்பு அடுப்பில் ஏதோ சமைத்தாள், பொம்மைக்கு ஊட்டினாள், திடீரென்று சிரிஞ்சை எடுத்துப் பொம்மை வயிற்றில் குத்த ஆரம்பித்தாள். எண்ணினேன், பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு குத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வசனம்: "லட்டு எடுத்துத் தின்னல்ல, லட்டு எடுத்துத் தின்னல்ல."

விஷயம் இதுதான். தீபாவளிக்குச் செய்து டப்பாவில் போட்டு வைத்திருந்த லட்டை யாருக்கும் தெரியாமல் தின்றிருக்கிறாள். அடுத்த மாசம் நோய் வந்தது. அம்மா அழுகையோடு அழுகையாக, "இனிப்பைத் தின்னாதே தின்னாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே" என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை முடித்துவிட்டது கணக்கை: திருடினேன், அதனால் ஊசி. அவள் அழாதது தைரியம் இல்லை. தண்டனையை வாங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டிலிருந்து ஏழு வயதுவரை பிள்ளைகளுக்கு இப்படித்தான் தோன்றும், தனக்கு நடக்கும் எல்லாவற்றுக்கும் தான் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம் என்று. நம் வீடுகளில் அதற்கு உரம் வேறு போடுகிறோம். "சாப்பிடலைன்னா சிஸ்டர் வந்து ஊசி போட்டுடுவாங்க" என்று சொல்லாத வீடு எது? மற்ற பிள்ளைக்கு அது வெறும் மிரட்டல். இந்தப் பிள்ளைக்கு சாப்பிட்டாலும் ஊசி, சாப்பிடாவிட்டாலும் விரலில் குத்து. அந்த வாக்கியத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும், தாத்தா பாட்டி, பக்கத்துப் பெட் அம்மா, ஆயாம்மா உள்பட, சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் நம் கேர் பிளான்தான்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "பாப்பா லட்டு தின்னதால ஊசின்னு நினைக்குதா?" என்று மட்டும் பொம்மையைக் காட்டிக் கேட்டேன். தலையை ஆட்டினாள். மறுநாள் அதே பொம்மையை வைத்து நான் டாக்டராக நடித்து, "லட்டு தின்னா இது வராது. உங்க வயித்துக்குள்ள இன்சுலின் செய்யற இடம் வேலை செய்யலை, அது யார் தப்பும் இல்லை, அதனால வெளியிலிருந்து கொடுக்கிறோம்" என்று பொம்மையிடம் சொன்னேன், அவளிடம் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவப்படியும் அதுதான் உண்மை: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் வருவது டைப் 1, இனிப்பு தின்றதால் வருவது இல்லை. மூன்றாம் நாள் ஊசி போடும்போது சத்தம் போட்டு அழுதாள். அழட்டும் என்று விட்டோம். அம்மாவுக்குத்தான் புரியவைக்க வேண்டியிருந்தது, இது முன்னேற்றம் என்று.

சரி, இப்போது எப்படிச் செய்வது.

முதலில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். டிகேஏ சரியாகி, ட்ரிப் எடுத்து, வாயால் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான். வாந்தியெடுக்கும் பிள்ளை முன்னால் பொம்மையை ஆட்டாதீர்கள். அப்புறம் மிட்டாய் நிற டாக்டர் செட் மட்டும் போதாது, நிஜப் பொருள்கள் வேண்டும்: அவனுக்குப் போடும் அதே மாதிரி இன்சுலின் சிரிஞ்ச், காலி வயல் (இன்சுலின் வரும் சின்ன மருந்துக் குப்பி), தண்ணீர், பஞ்சு, பழைய குளுக்கோமீட்டர், பயன்படுத்திய ஸ்ட்ரிப் இல்லை, காலாவதியான, ஆனால் பயன்படுத்தாத ஸ்ட்ரிப். கூடவே குடும்பத்துப் பொம்மைகள் இரண்டு மூன்று, சொப்புச் சாமான், ஒரு துணிப் பொம்மை. அமெரிக்காவில் புதிதாக நோய் தெரிந்த பிள்ளைகளுக்கு ரூஃபஸ் என்று ஒரு கரடி பொம்மை கொடுப்பார்கள், ஊசி போடும் இடங்களில் எல்லாம் வேறு துணி ஒட்டு வைத்துத் தைத்திருக்கும். அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நாமே தைக்கலாம். வயிறு, தொடை, மேல்கை, பிட்டம், இந்த நாலு இடத்திலும் கலர் துணி ஒட்டுப் போட்டால் நம்ம ரூஃபஸ் தயார்.

நிஜ ஊசியா என்பதற்கு வருகிறேன். முதல் நாள் ஊசி கழற்றிய சிரிஞ்ச் போதும். இன்சுலின் சிரிஞ்சில் ஊசி கழலாது என்றால் சாதாரண 2 எம்.எல். சிரிஞ்ச். அடுத்த கட்டத்தில், 5 வயதுக்கு மேல், பிள்ளை கேட்டால், நீங்கள் கை எட்டும் தூரத்தில் இருந்தால், நிஜ ஊசியும் கொடுக்கலாம். என் அனுபவத்தில் பிள்ளைகள் கேட்கத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் பயம் அந்த நுனியில்தான் இருக்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. புது ஊசி, உள்ளே தண்ணீர் மட்டும், வார்டு இன்சுலின் வயல் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரே ஊசி. பொம்மைக்கு மட்டும், ஆளுக்குக் கிடையாது. முடிந்ததும் எண்ணி வாங்கி அவன் கண் முன்னாலேயே, துளைக்காத வெள்ளை டப்பாவில் போடுங்கள். அவனையே போடச் சொல்லாதீர்கள், அந்த டப்பா பக்கம் குழந்தை கை போகவே கூடாது.

விளையாட்டை ஆரம்பிக்கும்போது சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "இந்தப் பாப்பாவுக்கும் சுகர் வந்திருக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கு. நீ எப்படி வேணா விளையாடலாம், அந்தக் கடிகாரத்துல பெரிய முள்ளு ஆறுக்கு வர்ற வரைக்கும்." அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொள்வது கஷ்டம், பழக வேண்டும். அவன் பேசினால் அதையே திருப்பிச் சொல்லலாம்: "பாப்பாவுக்குக் கோபம் வந்திருக்கு போல." "அப்படிக் குத்தக் கூடாது" என்று சொல்லக் கூடாது. பொம்மையின் கண்ணில் குத்தினாலும் சரி, கட்டிப்போட்டாலும் சரி. நாலு பேர் அமுக்கிப் பிடித்ததை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை பொம்மையை முழங்காலால் அமுக்குவான், பயந்துவிடாதீர்கள். தொடவே மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், சாமானை மட்டும் வைத்துவிட்டு மறுநாள் வாருங்கள். ஐந்து நாள் ஒரே விளையாட்டையே விளையாடினாலும் சலித்துக்கொள்ளக் கூடாது. கவனித்துப் பாருங்கள், ஒரு கட்டத்தில் குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அமுக்குவான், இல்லையென்றால் பொம்மையிடம் "இரு இரு, முடிஞ்சுடுச்சு" என்பான். அதற்குப் பிறகுதான் கற்றுக்கொடுப்பது.

கற்றுக்கொடுக்க நம்மிடம் இல்லாத விளையாட்டா? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அந்த இடத்தில் கொழுப்புக் கட்டி விழும், அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சாது, சர்க்கரை ஏறி இறங்கும். ஆனால் பிள்ளைகள் அங்கேதான் போடச் சொல்வார்கள், மரத்துப்போய் வலி குறைவு என்பதால். இதை விளக்க நான் கோலப்புள்ளி வைப்பேன். பொம்மை வயிற்றில், தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு புள்ளியாக ஸ்கெட்ச் பேனாவால் வரிசை. ஒரு ஊசிக்கு ஒரு புள்ளி, போட்ட புள்ளியைச் சுற்றிச் சுழி. வயிறு முழுக்கச் சுழித்து முடிந்தால் கோலம் முடிந்தது, அடுத்தது தொடைக்குப் போகலாம். பொம்மைக்கு வைத்த அதே கோலத்தை ஒரு தாளில் போட்டுக் கட்டிலில் ஒட்டிவிட்டால், தன் ஊசிக்கு எந்தப் புள்ளி என்று அவனே காட்டுவான். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது அவன் கையில் இல்லை, எந்தப் புள்ளி என்பதாவது அவன் கையில் இருக்கிறது. "ஊசி போட்டுக்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், "வேண்டாம்" என்பான், அப்புறம் என்ன செய்வீர்கள்? "இந்தப் புள்ளியா அந்தப் புள்ளியா?" என்று கேளுங்கள்.

கலங்கலாக இருக்கும் என்.பி.ஹெச். (மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்) வயலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் உருட்ட வேண்டும். அந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள், சீடை உருட்டுவதைப் போல இருபது தடவை, எண்ணிக்கொண்டே. மூடி நிறத்தையும் விளையாட்டாகவே பழக்கலாம். நம் ஊரில் வயல் பெரும்பாலும் ஒரு எம்.எல்.லுக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. மாறிப்போனால் டோஸ் இரண்டரை மடங்கு கூடும், இல்லை பாதிக்கும் கீழே குறையும். சிவப்போடு சிவப்பு என்று மூடி சேர்த்து விளையாடிய ஒரு பொடியன், வீட்டுக்குப் போன பிறகு மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்த சிரிஞ்சைத் தானே கண்டுபிடித்து, "இது ஆரஞ்சு, நம்மது இல்ல" என்று அப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். ஐந்தரை வயசு.

சாப்பாட்டுக் கணக்குக்கு பல்லாங்குழி. ஒரு புளியங்கொட்டை 5 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டு, டயட்டீஷியன் கொடுத்த அளவுப்படி இட்லிக்கு எத்தனை கொட்டை, தோசைக்கு எத்தனை, வாழைப்பழத்துக்கு எத்தனை என்று குழியில் போடுவது. சொப்புத் தட்டில் பொம்மைக்குப் பரிமாறியதும் கொட்டையை எண்ண வேண்டும். 8 வயசுப் பிள்ளைகள் இதில் நம்மைத் தோற்கடித்துவிடுவார்கள். அம்மாக்களும் இதில்தான் கற்றுக்கொள்கிறார்கள், லெக்சரில் இல்லை.

ஆனால் எல்லாவற்றிலும் உயிர் காக்கிற விளையாட்டு லோ சுகருக்கானது. 70-க்குக் கீழே போனால் வேர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், சிடுசிடுப்பு வரும் என்று நாம் ஒப்பிப்போம். 5 வயதுப் பிள்ளைக்கு 'நடுக்கம்' என்ற வார்த்தையே தெரியாது. அதனால் பொம்மைக்கு லோ சுகர் வரட்டும், "பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். ஒரு பையன் "வயித்துக்குள்ள எறும்பு ஓடுது" என்றான். இன்னொரு பெண் "கால் சேமியா ஆயிடுச்சு" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், அம்மாவிடம் சொல்லுங்கள், டீச்சருக்கும் சொல்லி அனுப்புங்கள்: இந்தப் பிள்ளை 'எறும்பு' என்று சொன்னால் உடனே சர்க்கரை பாருங்கள், பார்க்க வழியில்லையென்றால் குளுக்கோஸ் கொடுங்கள் என்று. பெரிய பிள்ளைக்கு 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, சின்னப் பிள்ளைக்கு எடைக்குத் தகுந்தபடி குறைவு. 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதையும் பொம்மையை வைத்தே காட்டலாம், பொம்மை 'தூங்கிவிட்டால்' ஓடிப்போய்ப் பெரியவங்களைக் கூப்பிடு என்று அண்ணன் தங்கைகளுக்கும் சேர்த்து.

விரல் குத்தலுக்கு ஒரு வார்த்தை. நுனியின் நடுவில் குத்தாதீர்கள், பக்கவாட்டில், அங்கேதான் வலி குறைவு. முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மாம்பழம் தின்ற கையோடு பார்த்து 400 வந்து வார்டே அலறியதை நான் பார்த்திருக்கிறேன். பொம்மைக்கும் கை கழுவிவிட்டுத்தான் குத்த வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டால் அதுவே பழகிவிடும். ஊசி போடும் நேரத்தில் சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொல்லலாம். நீளமாக ஊதும்போது உடம்பு தளரும், தளர்ந்த இடத்தில் வலி குறைவு. மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்குவதைவிட அம்மா மடியில் அம்மாவைக் கட்டிப்பிடித்தபடி உட்காரவைத்துத் தொடையில் போடுவது எவ்வளவோ மேல்.

சில விஷயங்களைச் செய்யவே கூடாது. விளையாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் "இப்ப உனக்கு" என்று நிஜ ஊசியை நீட்டக் கூடாது, அதற்குப் பிறகு பொம்மையும் எதிரிக் கட்சிதான். விளையாடும் மூலையில் குத்துவதே கூடாது. "ஊசி போட்டுக்கிட்டாத்தான் பொம்மை" என்று லஞ்சமாக மாற்றக் கூடாது. வலிக்காது என்று சொல்லக் கூடாது, எறும்பு கடிக்கிற மாதிரி என்று நீங்களாக ஒரு உவமையும் சொல்ல வேண்டாம், எப்படி இருந்தது என்று அவனே சொல்லட்டும். ஒரு பிள்ளையின் துணிப் பொம்மையை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், தொற்று ஒருபக்கம், அந்தப் பொம்மை அவனுடைய நோயாளி என்பது இன்னொருபக்கம். வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

பத்து வயதுக்கு மேலே பொம்மையை நீட்டினால் கேவலமாகப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேறு: "நீதான் சிஸ்டர், நான் புதுசா சுகர் வந்த பையனோட அம்மா, எனக்குச் சொல்லிக்கொடு" என்று நடிக்கவைப்பது, பரமபதக் கட்டத்தை அவர்களையே வரையவிட்டு எது பாம்பு எது ஏணி என்று எழுதவைப்பது. பள்ளிக்கூடத்தில் சிநேகிதன் "இது ஒட்டுவாரொட்டியாடா?" என்று கேட்டால் என்ன சொல்வாய் என்பதையும் நடித்துப் பார்க்க வேண்டும், அந்தக் கேள்வி ஊசியைவிட அதிகமாகக் குத்தும். இந்த வயதில் பலர் தானே போட்டுக்கொள்ளத் தயாராவார்கள். அவசரப்படுத்த வேண்டாம், பெரியவர் பார்வையிலேயே நடக்கட்டும்.

குடும்பத்தையும் விளையாட்டுக்குள் இழுங்கள். சர்க்கரை நோய் வந்த பிள்ளையை அப்பத்தா வளர்க்கும் வீடுகள் நிறைய, அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு அப்பத்தா ஊசி பிடிக்கவே மாட்டேன் என்றார், கை நடுங்குதாம், கூடவே "இம்புட்டுப் பச்சப்புள்ளைக்கு எதுக்கு ஊசி, பாகக்கா சாறு குடுத்தா போதும்" என்று வேறு. நான் அரைமணி நேரம் விளக்கினேன், நகரவில்லை. இன்சுலினை நிறுத்தினால் இந்த நோயில் சில நாட்களில் டிகேஏ வந்து உயிருக்கே ஆபத்து, இதில் பாகற்காய்க்கு இடமில்லை என்று எவ்வளவு சொல்லியும். பேரன்தான் பொம்மையை எடுத்துக்கொண்டு வந்தான். "அப்பத்தா, சும்மா புடி. பிடிச்சுக் கிள்ளு. குத்து. பத்து எண்ணு. அப்புறந்தான் எடுக்கணும்." அவர் பொம்மைக்குப் போட்டார், மூன்று நாள் பொம்மைக்கே போட்டார், நாலாம் நாள் பேரனுக்குப் போட்டார். கட்டிலில் கோணலாக உட்கார்ந்து பத்து எண்ணியது பேரன்தான், அப்பத்தாவுக்காக.

இதெல்லாம் செய்தால் சர்க்கரை தானாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைப்பது இன்சுலின். விளையாட்டு, அந்த இன்சுலின் தினமும் சண்டையில்லாமல் உள்ளே போக வழி செய்கிறது. ராத்திரி அலறி எழுகிற, சாப்பாட்டையே வெறுக்கிற, வாரக்கணக்கில் பேசாமலிருக்கிற பிள்ளைக்கு நம் பொம்மை போதாது, மனநல ஆலோசகரைக் கூப்பிட வேண்டும்.

இன்-சார்ஜ் சிஸ்டர் சொல்லும் நேரக் கணக்கு பொய் இல்லை, ஒரு ஷிஃப்டில் எத்தனை பேருக்கு எத்தனை பெட் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் காட்டுங்கள். ரெகுலர் இன்சுலின் (சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது) போட்டால் அரைமணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. அந்த அரைமணி நேரம் பிள்ளை சும்மாதான் இருக்கிறது, அழுதபடி. ஊசி முடிந்த கையோடு, அதாவது இன்றைக்குக் குத்தியாயிற்று இனி இப்போதைக்கு இல்லை என்று தெரிந்த பிறகு, விளையாட்டுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. உட்கார்ந்து விளையாடுகிற விளையாட்டாக இருக்கட்டும், ஓடிப்பிடிப்பது வேண்டாம், சாப்பாடு தாமதமாகக் கூடாது, கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும். அப்புறம் இன்னொரு கணக்கும் காட்டுங்கள்: கட்டிலுக்கு அடியிலிருந்து பிள்ளையை இழுத்து மூன்று பேர் பிடித்து ஊசி போட எத்தனை நிமிஷம் ஆகிறது? அதை ஒரு நாளைக்கு நாலால் பெருக்கச் சொல்லுங்கள்.

எழுதி வைப்பதில் மட்டும் சோம்பல் வேண்டாம். "விளையாடினான், உற்சாகமாக இருந்தான்" என்பது குறிப்பு இல்லை. இப்படி எழுதுங்கள்: "மாலை 6.10 முதல் 6.30 வரை. முதலில் சிரிஞ்சைத் தொடவில்லை. பொம்மையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தான், 'சிஸ்டர் வந்துட்டாங்க, பேசாதே' என்று அதனிடம் சொன்னான். ஊசி போடவில்லை. 'நாளைக்கு வருவீங்களா' என்று கேட்டான்." இதைப் படித்தால் நைட் டியூட்டி சிஸ்டருக்கு நாளைக் காலை என்ன செய்யணும் என்று தெரியும்.

நீங்கள் கேட்ட அந்த 6 வயதுப் பையனுக்கும் இப்படியே செய்து பாருங்கள், கட்டிலுக்கு அடியிலேயே போய் உட்கார்ந்து ஆரம்பியுங்கள், அவன் வெளியே வர வேண்டும் என்று என்ன இருக்கிறது? பொம்மை தைக்கப் பழைய பருத்தி வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள், நைலக்ஸ் வேண்டாம், ஊசி வழுக்கும். உள்ளே பஞ்சைத் திணித்து அடைக்காமல் கொஞ்சம் தளர்வாக வையுங்கள், கிள்ளிப் பிடித்தால் தோல் மடிப்பு வருகிற அளவுக்கு.